தண்டவாளத்துக்கு விலை கிடைத்தது, தமிழன் உயிருக்கு?

தாய்லாந்தின் காஞ்சனபுரி நகரில், ஆற்றங்கரையிலுள்ள பௌத்த விகாரையொன்றின் வளவினுள், யுத்த அரும்பொருட்சாலை ஒன்று உண்டு. 1977ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. போர்க்கைதிகள் அடைபட்டுக் கிடந்த மூங்கிற் கொட்டகையின் வடிவிலேயே அதனை அமைத்திருக்கின்றனர். அண்மையில் அந்நாட்டுக்குச் சென்றபோது யாம் அதனைப் பார்வையிட்டோம்.

அதன் பெயர் 'ஜீத்'. மரணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை நீக்கி, அவ்விடத்தில் யப்பானின் முதலெழுத்தை இட்டு ஆக்கிய பெயர் அது. ஏனைய எழுத்துக்கள் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஒல்லாந்து ஆகியவற்றுக்கு உரியனவாம். சயாம்-பர்மா மரண இருப்புப்பாதையின் துயரத்திற் பங்குடைய நாடுகள் இவ்வளவுதானாம்!

அப்பாதையில் மிகுதியாக மாண்டவர் யாவர்? 1942ஆம் 1943ஆம் ஆண்டுகளில் யப்பானியர் 415 கிலோமீற்றர் நீளத்துக்கு அதனை அமைத்தபோது, நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேரளவில் வேலை வாங்கப்பட்டனர். 12,000 பேருக்கு மேல் இறந்தனர். ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ இரண்டு இலட்சம். இறந்தோர் 90,000 அளவில் இருக்கலாமென மதிப்பிடுவர். பர்மியரும் யாவகரும் அவர்களுள் இருந்தனர். மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோரிற் பெரும்பாலார் இறப்பர்த் தோட்டத் தமிழர்.

'மதிப்பிடுவர்' என்ற சொல்லை வாசகர் கவனிப்பாராக. வெள்ளைக் கைதிக்குப் படைப்பிரிவு இருந்தது, இலக்கம் இருந்தது, இறப்பைக் குறித்து வைக்க அதிகாரியும், இயன்றவரை உயிரைக் காக்க வைத்தியரும் உடனிருந்தனர். வாந்திபேதி பரவியபோது தமிழனுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. ஆகவே அவர்கள் எண்ணப்பட்டார்கள், நம்மவர் மதிப்பிடப்பட்டனர். அந்நகரின் யுத்த மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் ஒழுங்காகப் பேணப்படுகின்றன. அதனை நாம் குறைகூறோம். இறந்தவரை மதிக்கும் நாடு மதிக்கத்தக்க நாடே. ஆனால் அதே காஞ்சனபுரியில், 1990இல், கரும்பு நிலமொன்றைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டனவே! அவற்றின் பெயர்களைச் சொல்ல யாருளர்?

விந்தை யாதெனில், 1944இல் யப்பானியப் படையே அங்கு எழுப்பிய நினைவுச் சின்னத்திலே தமிழெழுத்து உண்டு. கொன்றவனுக்கு இருந்த நினைவு, வென்றவனுக்கு இல்லாது போயிற்று.

வென்றவன் எதனை நினைவிற் கொண்டான்? தண்டவாளத்தை. 1946இல் பாதையின் தாய்லாந்துப் பகுதி 12,50,000 பவுணுக்கு அந்நாட்டரசுக்கு விற்கப்பட்டது. அப்பணம், யப்பானியர் அபகரித்த புகையிரதப் பொருள்களுக்கு நட்டஈடாக அயல் நாடுகளுக்குப் பகிரப்பட்டது. இரும்புக்கு உரிமையாளன் இருந்தான், வழக்காடினான், பெற்றான்.

1951ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். அதன் 16ஆம் உறுப்புரை, போர்க்கைதிகளாய்த் துன்புற்ற நேசநாட்டு ஆயுதப்படையினருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் நிதி வழங்குகின்றது. படையினர் அல்லாத தொழிலாளி அவ்வுறுப்புரையின் வாசற்படியிலும் நிற்க முடியாது. மலாயாவை ஆண்ட பிரித்தானியா, ஏனைய உரிமைக் கோரிக்கைகளை அதே உடன்படிக்கையிற் கைவிட்டது. இந்தியா 1952இல் தனி உடன்படிக்கை செய்து தன் கோரிக்கையைத் துறந்தது. நம் நாட்டு நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும், குண்டுவீச்சையும் இறப்பர் மரங்கள் அளவின்றிச் சீவப்பட்டதையும் எடுத்துக்கூறி, இழப்பீடு வேண்டாமென்று புத்தர் வாக்கைக் காட்டிப் புகழ்பெற்றார். இலங்கைக்கு உரியதை இலங்கை விடலாம். அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் மலாயாத் தோட்டத் தொழிலாளியின் கோரிக்கையைத் துறக்க, இலண்டனுக்கும் புதுடில்லிக்கும் அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்தவர் யார்?

“அவர்கள் கூலிக்குச் சென்றவர்கள், கைதிகள் அல்லர்” என்று வாதிப்போர் உளர். சில மாத வேலை, நல்ல சம்பளம் என்று ஏமாற்றி ஏற்றியதும் ஒப்பந்தமா? அவ்வாசை வார்த்தை பலியாதபோது, இலவசப் படக்காட்சிக்கு அழைத்துக் கதவைப் பூட்டிப் பிடித்துச் சென்றதும் ஒப்பந்தமா? வஞ்சனையாற் பெற்ற சம்மதம் சம்மதம் ஆகாதென்பது சட்டக் கல்லூரியின் முதலாண்டு மாணவனும் அறிந்த விதி.

2023இல் மலேசியத் தமிழரும் தாய்லாந்துத் தமிழரும் முயன்று காஞ்சனபுரி விகாரையொன்றில் நடுகல் நாட்டினர். அவர்களுக்கு நம் நன்றி. எனினும் நடுகல்லிற் பொறிக்கப் பெயர்கள் வேண்டும். தோட்டப் பேரேடுகள், ஆலயப் பதிவுகள், பேரப்பிள்ளைகளின் வாய்மொழி ஆகியவற்றிலிருந்து அவற்றைத் திரட்டும் பணியை மலேசிய அரசும் இந்திய அரசும் ஏற்கவேண்டும். மலாயாவில் உறவினரை இழந்த குடும்பங்கள் நம்மிடையேயும் இருப்பின், இறந்தவரின் பெயர், ஊர், தோட்டம் ஆகியவற்றை எழுதி இப்பத்திரிகைக்கு அனுப்புக. 'ஜீத்' நிருவாகிகளிடம் நாம் கேட்பது சிறிது: பெயரில் எழுத்துச் சேர்க்க இயலாவிடின், வாயிலில் ஒரு பலகை, அதிலே ஆசியத் தொழிலாளரின் தொகை, தமிழிலும்.