எட்டு மணிக்குப் பூட்டும் பூங்கா

பெண்கள் காலையில் நடக்கலாம். அதற்கு இப்போது தடையில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு எங்கள் ஒவ்வொருவர் முதுகிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டப்பட்டிருக்கிறது. திருமுல்லைவாயிலில் எங்கள் குடியிருப்புப் பூங்காவில் ஐந்தரை மணிக்கே சேலையும் ஷூவுமாகப் பெண்கள் சுற்றி வருகிறார்கள். யாரும் எதுவும் கேட்பதில்லை. வீட்டுக்கு உழைக்கும் உடம்பைப் பழுதுபார்க்கத்தானே நடக்கிறார்கள்!

அதே பெண் நடப்பதை நிறுத்திவிட்டு எலுமிச்சைச் செடி முன்னால் பத்து நிமிடம் அசையாமல் நிற்கட்டும். கையில் கேமராவும் இருக்கட்டும். "யாருக்கும்மா வெயிட் பண்றீங்க?" "படம் எடுக்க பர்மிஷன் இருக்கா?" "வீட்ல வேலையெல்லாம் முடிஞ்சுதா?" கடைசிக் கேள்வியை என்னிடம் கேட்டவர் பணி ஓய்வு பெற்றவர். ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனால் அவருக்குக் காபி தயாராக இருக்கும். என்னைப் போலவே கேமராவோடு வரும் கல்லூரி மாணவனை அவர் 'போட்டோகிராபர் தம்பி' என்று அழைக்கிறார். நான் வேலை முடித்தேனா என்பது மட்டும்தான் அவர் கவலை.

ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகிய மூவரும் மும்பையை வைத்து 2011இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' நூல் பேசுவது இதைத்தான். பொதுவெளியில் இருக்கும் பெண் தனக்கு அங்கே வேலை இருக்கிறது என்று நடையாலும் பையாலும் போனாலும் சதா நிரூபித்தாக வேண்டும். சும்மா இருப்பது ஆணுக்குப் பொழுதுபோக்கு, பெண்ணுக்குச் சந்தேகம். பாதுகாப்புக்காகத்தான் சொல்கிறோம் என்பார்கள். வேகமாக நடக்கிறவளுக்கு இருக்கும் பாதுகாப்பு நிற்கிறவளுக்கு எப்படிக் குறைந்துபோகும்? பதில் வராது.

படமெடுக்க நிற்கத்தான் வேண்டும். பறவைகளாவது விடியலிலேயே கிடைக்கும். மதிலோரம் செம்பகம் இறங்கும், செம்பருத்தியில் தேன்சிட்டு தொங்கும். பட்டாம்பூச்சி அப்படியல்ல. அதன் உடம்பு தானாகச் சூடேறாது. வெயிலில் இறகை விரித்து வைத்துச் சூடேற்றிக்கொண்ட பிறகுதான் பறக்கும். எங்கள் பூங்காவில் எட்டரைக்கு மேல்தான் அவை பூவுக்கு வருகின்றன. பூங்காவை எட்டு மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். மறுபடி திறப்பது மாலை நான்குக்கு. இந்த நேரத்தை வகுத்தவர்கள் பட்டாம்பூச்சியையும் நினைக்கவில்லை, எங்களையும் நினைக்கவில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்குக் கொடுப்பது 299 நிமிடம். செய்கிற ஆண் கொடுப்பது 97. விடியற்காலை எங்களுக்கு ஓட்டம். அடுப்படி ஓய்ந்து, பள்ளி வேன் போய், மூச்சு விட நேரம் கிடைக்கும்போது பத்து மணி. வெயில் அப்போதுதான் இதமாக இருக்கும். பூட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

பூட்டு வாசலில் மட்டுமில்லை, பெயர்களிலும் இருக்கிறது. வீட்டுக்கு வீடு இருக்கும் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் புழுவாக வளரும் கறுப்புப் பட்டாம்பூச்சி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'காமன் மார்மன்'. அதன் ஆணுக்கு ஒரே தோற்றம். பெண்ணுக்கோ மூன்று. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும் ஆடுதீண்டாப்பாளையைத் தின்று உடம்பில் நஞ்சேற்றிக்கொள்ளும் வேறு இரண்டு பட்டாம்பூச்சிகளைப் போலச் சிவப்புப் புள்ளிகளோடு திரியும். நஞ்சென்று நம்பிப் பறவைகள் விட்டுவிடும். முட்டையிட இலை இலையாகத் தேடித் தாழப் பறக்கிறவள் அவள்தான்; ஆபத்தும் அவளுக்கே அதிகம். மூன்றும் ஒரே இனத்தின் பெண்களே என்று 1865இல் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் எழுதினார். ஆனால் ஆங்கிலேயர் வைத்த பெயரைப் பாருங்கள். ஓர் ஆணுக்கு மூன்று வித மனைவியர். ஆகவே, பலதார மணத்துக்குப் பேர்போன மார்மன் சமயத்தாரின் பெயர்! உயிர் பிழைக்க அவள் கண்ட வித்தை அவன் அந்தப்புரமாகிவிட்டது.

நாமும் சளைத்தவர்களா என்ன? 2019இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியை அறிவித்தபோது வந்த பெயர் 'தமிழ் மறவன்'. அதில் பெண்ணும் மறவன்தான். இமயமலைத் தேன்சிட்டு ஒன்றுக்கு 'மிஸஸ் கோல்ட்ஸ் சன்பேர்ட்' என்று பெயர். ஜான் கோல்டு தன் பெயரில் வெளியிட்ட இமயப் பறவைகள் நூலின் படங்களைத் தீட்டிக் கல்லச்சில் ஏற்றியவர் எலிசபெத் கோல்டு. எட்டாவது பிரசவத்துக்குப் பின் 1841இல் அவர் இறந்தார். பறவைக்குப் போய்ச் சேர்ந்தது அவர் கணவரின் பெயர். நம் நாட்டில், 1970இல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட 'வாட்சிங் பேர்ட்ஸ்' நூலை எழுதிய ஜமால் ஆராவை, சலீம் அலியைத் தெரிந்த எத்தனை பேருக்குத் தெரியும்?

படக் குழுக்களிலும் இதே கதை. ஊதாத் தேன்சிட்டு என்றால் வெயிலில் மின்னும் ஆணின் படம். கூட்டைக் கட்டும் பெட்டையின் படத்தைப் போட்டால், "ஆண் கிடைக்கலையா மேடம்?" கிடைத்தது. வேண்டாமென்று விட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பூங்காவில் என்னைவிட நன்றாகப் பார்க்கிறவர் அதைப் பெருக்கும் அக்கா. செம்பகம் எந்தப் புதரில் கூடு கட்டியிருக்கிறது என்று காட்டிக் கொடுத்தவர் அவர். எருக்கஞ்செடியைக் களை என்று பிடுங்கச் சொன்னபோது, "புழு இருக்கு சார், பூச்சி வரும்" என்று ஒரு மூலையை விட்டு வைத்தவரும் அவர்தான். அவர் நின்றால் சம்பளத்தில் பிடிப்பார்கள். என்னிடம் கேள்வி மட்டுமே கேட்கிறார்கள். நிற்கும் உரிமை என்று நாங்கள் பேசும்போது அவருடைய கால்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். இல்லாவிட்டால் அது கேமரா வாங்க முடிந்தவர்களின் சலுகை.

பூங்காவைப் பதினொரு மணி வரை திறந்து வைக்கவும், எருக்கையும் எலுமிச்சையையும் வெட்டாமலிருக்கவும், பெருக்குகிறவர் உட்கார நிழலில் ஒரு பெஞ்சு போடவும் கேட்டு எங்கள் தெருப் பெண்கள் கையெழுத்திட்டுச் சங்கத்தில் மனு கொடுத்திருக்கிறோம். "பத்து மணிக்கு யார் வரப் போறாங்க?" என்றார்கள். மனுவை எடுத்துக்கொள்ளும் கூட்டம் ஞாயிறு காலை ஏழரைக்காம். இட்லி வேகும் நேரம். முதலில் அந்த நேரத்தை மாற்றச் சொல்லி இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.