சுவரை விடுங்கள், கூரையைப் பாருங்கள்

தெருவில் நடக்கும்போது வீட்டின் சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் கண்ணில் படும். கூரை அவ்வளவாகப் படாது. மாதிரி ரயில் ஊரில் கதை தலைகீழ். ஊர் நம் இடுப்புயரத்தில் இருக்கிறது, நாம் மேலிருந்து பார்க்கிறோம், முதலில் தெரிவது கூரைதான். அப்படியிருந்தும் மாதிரி ரயில்காரர்களில் பலர் ஜன்னல் சட்டத்துக்கு ஒரு வாரம் மெனக்கெட்டுவிட்டு, கூரையை ஒரே சாயங்காலத்தில் ஒட்டி முடித்துவிடுகிறார்கள். இந்த வாரம் அவர்களோடுதான் வழக்கு.

நான் சொல்வது அமெரிக்க ரயில் ஊர்களைப் பற்றி. நிலையமோ, சரக்குக் கிடங்கோ, பக்கத்து வீடோ, அங்கே பெரும்பாலான சாய்கூரைகளில் ஷிங்கிள் வேய்ந்திருக்கும். மரத்திலோ ஸ்லேட் கல்லிலோ தார் பூசிய அட்டையிலோ வெட்டிய தட்டையான சில்லுகள் அவை. கீழ்வரிசையின் மேல் அடுத்த வரிசை ஏறி உட்காரும். வெளியே தெரிவது வழக்கமாக 5 அங்குலம்.

எந்த ஷிங்கிள் என்பதை நம் ரசனைக்கு முன்னால் ஆண்டு தீர்மானித்துவிடுகிறது. 1903-ல் மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராபிட்ஸ் நகரில் ஹென்றி ரெனால்ட்ஸ் என்ற கூரை ஒப்பந்தக்காரர், சுருளாக வந்த தார்க்கூரையைத் துண்டுகளாக வெட்டினார். ஆஸ்பால்ட் ஷிங்கிளின் தொடக்கம் அது என்பார்கள். ஆகவே உங்கள் ஊரில் 1890 நடக்கிறது என்றால் ஆஸ்பால்ட் வேயக் கூடாது. சிடார் மரச் சில்லோ ஸ்லேட்டோ வேய வேண்டும். சிடாருக்கும் ரயிலுக்கும் ஒரு பழைய பகை உண்டு. நீராவி என்ஜினின் புகைபோக்கியிலிருந்து பறக்கும் தீப்பொறி, வெயிலில் காய்ந்து சுருண்ட மரக்கூரையில் விழுந்தால் கேட்கவா வேண்டும்! தீக்குப் பயந்தே பல நகரங்கள் மரக்கூரைகளுக்குத் தடை போட்டன. 1940-ஐக் காட்டும் ஊரில், பழைய சிடார் கூரையில் தண்டவாளத்தைப் பார்த்த சரிவு மட்டும் ஆஸ்பால்ட்டுக்கு மாறியிருந்தால், அந்தக் கட்டிடத்துக்கு ஒரு வரலாறு வந்துவிடுகிறது. காசு செலவில்லாத வரலாறு.

இனி என் முக்கியமான புகார்: தடிமன். பரவலாகப் புழங்கும் ஹெச்ஓ அளவில் எல்லாம் 87-ல் ஒரு பங்கு. 5 அங்குல வரிசை அங்கே ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சிடார் சில்லின் தடித்த முனை ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தாலும் மாதிரியில் அது 0.11 மில்லிமீட்டர்தான், ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் சாதாரணத் தாளின் கனம். ஆஸ்பால்ட் என்றால் அந்தத் தாளே அதிகம். இப்போது கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கூரைத் தகட்டை எடுத்துப் பாருங்கள். அதில் வரிசைக்கு வரிசை படி அரை மில்லிமீட்டர் உயரம் இருந்தால், நிஜத்தில் நாலு சென்டிமீட்டருக்கும் மேல். பலகையை அடுக்கி வேய்ந்த கூரை அது! பெட்டியில் பார்க்க அழகாக இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் படிக்கட்டு தெரியும்.

லேசரில் வெட்டி, பின்பக்கம் பசையோடு வரும் காகிதப் பட்டைகள் இருக்கின்றன. நல்ல சரக்கு. பணம் இருந்தால் வாங்கலாம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தாளும் ஸ்டீல் ஸ்கேலும் இருந்தால் அதே வேலையைக் கையால் செய்யலாம். 160-ல் ஒரு பங்கான ‘என்’ (N) ஸ்கேலில் ஊர் கட்டுகிறவர்கள் இந்தச் சிரமமே பட வேண்டாம், வரிசை 0.8 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுவதால் அச்சடித்த தாளே கண்ணை ஏமாற்றிவிடும்.

ஹெச்ஓவில் 20 சென்டிமீட்டர் நீளமும் 6 சென்டிமீட்டர் சரிவும் உள்ள ஒரு சிறு நிலையத்துக்கு, ஒரு பக்கம் 41 வரிசை, இரு பக்கமும் சேர்த்து 82. தாளை 3 மில்லிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டி, பாதி அகலம் வரை கீறல் போட வேண்டும். ஆஸ்பால்ட் என்றால் மூன்றரை மில்லிமீட்டருக்கு ஒன்றாகச் சீராக. சிடார் என்றால் அகலமும் குறுகலும் கலந்து, கை போனபடி. பட்டைகளைக் கூரை அட்டையில் ஒட்டும்போது இறவாரத்தில் தொடங்குங்கள். முதல் வரிசைக்கு அடியில் கீறாத பட்டை ஒன்று வேண்டும்; இல்லாவிட்டால் கீறல் வழியே அட்டை பல்லிளிக்கும். மேல் வரிசையின் கீறல் கீழ் வரிசைச் சில்லின் நடுவில் விழ வேண்டும். நிஜக் கூரையில் மழைநீர் இறங்காமல் இருப்பதே அதனால்தான். பென்சில் கோடு போடாமல் கண்ணளவில் போனால் முகட்டை எட்டும்போது வரிசை கோணியிருக்கும். இரண்டு சரிவுகள் கூடும் கூடுவாயில் நிஜத்தில் தகடு பதிப்பார்கள். சமையலறை அலுமினியத் தாளில் ஒரு கீற்று போதும்.

தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை இந்த வேலைக்கு எதிரி. தாள் ஊறிச் சுருளும், அட்டையும் சேர்ந்து வளையும். மெல்லிய இருபக்க ஒட்டுத்தாளே நல்லது. பெயிண்ட் அடித்தால் அட்டையின் அடிப்பக்கத்துக்கும் ஒரு பூச்சு கொடுங்கள்.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது கலிபோர்னியாவின் மான்டரே நகரத்து ஜான் ஆலனை விட்டுவிட முடியாது. மாதிரிக் கட்டிடங்கள் புதுப் பொம்மையாய் மின்னிய காலத்தில், அவற்றுக்கு அழுக்கும் துருவும் மூப்பும் கொடுத்துக் காட்டிய முன்னோடி அவர். 1973 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களிலேயே அவருடைய ரயில் ஊரும் தீயில் போனது. எஞ்சிய படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது ஒருபடி அதிகமாகப் போகிறார்கள்: சில்லுக்கு ஒரு நிறம் பூசிச் சதுரங்கப் பலகை ஆக்கிவிடுகிறார்கள். சிடார் புதிதில் செம்பழுப்பு, பிறகு வெள்ளிச் சாம்பல். முழுக் கூரைக்கும் சாம்பல் கொடுத்து, அங்கங்கே சில சில்லுகளில் மட்டும் சாயலைச் சற்றே மாற்றினால் போதும். புகைபோக்கியின் கீழே கரி, வெயில் குறைந்த வடக்குச் சரிவில் பாசி. முகட்டில் துத்தநாகத் தகடு இருந்தால் அதன் கீழே பாசி பிடிக்காது, ஏனென்றால் மழையில் கரைந்து வழியும் துத்தநாகம் பாசியைக் கொன்றுவிடும். அந்த வெளிறிய பட்டையைப் பூசியிருக்கும் கூரையைக் கண்டால், செய்தவர் நிஜக் கூரையை அண்ணாந்து பார்த்தவர் என்று நம்பலாம்.

தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிளேடில் கஞ்சத்தனம் வேண்டாம். மழுங்கிய பிளேடு தாளை வெட்டாது, பிய்க்கும். அந்தப் பிசிறு பெயிண்ட் பட்டதும் இரட்டிப்பாகத் தெரியும்.