ஒரு ஜோடி கப்பி

கொளத்தூர்ல மீன் வாங்கப் போனவங்க இந்த வசனத்தைக் கேட்டிருப்பீங்க: "முதல் தடவையா சார்? கப்பி எடுத்துக்குங்க, லேசுல சாகாது." நானும் ரெண்டடி தொட்டிக்கு ஒரு ஜோடி வாங்கிட்டு வந்தேன். போர் தண்ணிதான். உப்புத்தண்ணின்னு நாம முகம் சுளிக்கறது கப்பிக்கும் மோலிக்கும் ரொம்பப் பிடிக்கும். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, சாகல. பிரச்சினையே அதுதான் :-)

முதல் ஈத்துல 14 குஞ்சு. வீட்டுல ஒரே கொண்டாட்டம். தாயே தின்னுடுமேன்னு வேலம்பாசி வாங்கிப் போட்டேன். ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒரு ஈத்துங்கறப்போ, ஆறே மாசத்துல எண்ணிக்கை கைமீறிப் போச்சு. அண்ணன் தங்கச்சியே கூடினதாலயோ என்னவோ, சிலதுக்கு முதுகு கோணல். ஆணையெல்லாம் தனியாப் பிரிச்சேன். அப்பவும் குஞ்சு! ஒரு தடவை கூடின பெண், விந்தை உடம்புக்குள்ளயே பல மாசம் வெச்சிருந்து ஈத்துக்கு மேல ஈத்தா போடும். வாங்கும்போது யாரும் இதைச் சொல்லலையே!

அக்கம்பக்கத்துல கொடுத்தாச்சு. கடையில திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாங்க. கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை பக்கெட்டோட ஏரிக்குப் போய் விட்டுட்டு வந்தேன். புண்ணியம்னு நினைப்பு வேற.

அது தப்புன்னு பிறகுதான் உறைச்சது. கப்பி தென் அமெரிக்காவோட வடகிழக்கு மூலையைச் சேர்ந்தது. கொசுப்புழு தின்னும்னு 1908-லயே இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. அதோட உறவான கம்பூசியா 1928-ல வந்தது. அந்தக் கம்பூசியா இன்னிக்கு உலகத்தின் மோசமான 100 அந்நிய உயிரினங்கள் பட்டியல்ல இருக்கு. கொசுப்புழுவோட நிறுத்திக்காம, மத்த மீனோட முட்டை, குஞ்சுன்னு எல்லாத்தையும் தின்னும். "அரசாங்கமே கொசுவுக்காக விடுது, உன் ஒரு பக்கெட்டா கெடுக்கப் போகுது?"ன்னு நண்பர் கேட்டார். ஒரு வயித்துப்பிள்ளைக்காரி போதுமே சாமி, அதான் பிரச்சினை.

என் கட்சி இதுதான்: புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு ஜோடியா விக்கவே கூடாது. ஆண் மட்டும் வாங்குங்க. உருவம் சின்னது, வண்ணமும் வாலும் அதுக்குத்தான். அடித்துடுப்பு குச்சி மாதிரி ஒல்லியா நீட்டியிருக்கும். என் தொட்டியில இப்ப ஏழு ஆண்கள். தொட்டி வெறிச்னு இருக்குன்னு வீட்டுல சொல்றாங்க, சொல்லட்டும்.

ஏரிப்பக்கம் போனா இன்னமும் கரையோரம் குனிஞ்சு பார்க்கறேன். தண்ணி கலங்கல். ஒண்ணும் தெரியல.