வலி போனது, கொதிப்பு வந்தது!

மூட்டை சுமக்கிறான், முதுகு வலிக்கிறது. தறியடியில் நிற்கிறான், முழங்கால் வலிக்கிறது. மாலையில் மருந்துக் கடைக்குப் போகிறான். "உடம்பு வலிக்கு மாத்திரை ரெண்டு கொடுங்க" என்கிறான். சீட்டு எங்கே என்று கேட்பாரில்லை. செய்தி இன்னதென்று சொல்வாரில்லை. மாத்திரை உள்ளே போகிறது, வலி வெளியே போகிறது. மறுநாளும் மூட்டை, மறுநாளும் மாத்திரை!

மாதங்கள் உருளுகின்றன. ஒருநாள் தலை சுற்றுகிறது. மருத்துவமனையில் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, "இரத்தக் கொதிப்பு" என்கிறார்கள். "எனக்கா? எப்படி வந்தது?" என்று திகைக்கிறான் அந்த உழைப்பாளி.

எப்படி வந்தது? அதைத்தான் இன்று பேச வேண்டும், தோழர்களே!

1934-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம். ஹாரி கோல்ட்பிளாட் என்ற ஆய்வாளர், நாய்களின் சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயை வெள்ளிக் கவ்வியால் இறுக்கினார். இரத்த அழுத்தம் ஏறியது, ஏறியது இறங்கவில்லை. கொதிப்பின் வேர் சிறுநீரகத்திலும் இருக்கக்கூடும் என்று உலகுக்கு உணர்த்தியது, வாயில்லா அந்தப் பிராணி!

1949-இல் பிரேசில் நாட்டிலிருந்து வந்தது மற்றொரு செய்தி. ஜரராக்கா என்ற பாம்பின் நஞ்சு நாயின் இரத்தத்தில் சேர்ந்தபோது, புதியதொரு பொருள் வெளிப்படக் கண்டனர் மவுரிசியோ ரோசா எ சில்வாவும் அவருடைய தோழர்களும். பிராடிகைனின் என்று பெயரிட்டனர். அது இரட்டை வேடம் போடும் பொருள். இரத்தக் குழாயை விரித்து அழுத்தத்தைத் தணிக்கும். நரம்பு முனையைச் சீண்டி வலியையும் எழுப்பும்! வலி ஒரு தெரு, கொதிப்பு வேறு தெரு என்றிருந்தோமே, இரண்டும் ஒரே வீட்டின் இரு அறைகள் என்று தெரிந்தது.

அந்தப் பாம்பு நஞ்சை மேலும் ஆராய்ந்தார் செர்ஜியோ ஃபெரைரா. பிராடிகைனினுக்கு வலுவூட்டும் பொருள் அதில் இருப்பதை 1965-இல் வெளியிட்டார். அதை லண்டனில் ஜான் வேன் என்பவரின் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசென்றார். அந்த வழியில் நடந்த ஆராய்ச்சியே, 1981-இல் காப்டோப்ரில் என்ற கொதிப்பு மருந்தாகக் கனிந்தது. கொல்லும் நஞ்சிலிருந்து காக்கும் மருந்து!

அதே ஜான் வேன்தான், 1971-இல், கினிப் பன்றியின் நுரையீரலைக் கொண்டு ஆஸ்பிரின் வலியை அடக்கும் வகையைக் கண்டு சொன்னார். 1982-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அவர் கண்டது என்ன? உடலில் ஊறும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வலியையும் வீக்கத்தையும் வளர்க்கிறது. மாத்திரை அதன் ஊற்றை அடைக்கிறது.

ஆனால் அதே பொருள், சிறுநீரகத்தில் நல்ல வேலைக்காரன்! உப்பையும் நீரையும் வெளியே தள்ள உதவுபவன். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை நாள்தோறும் விழுங்கினால், முதுகில் வலிக்கும் கள்வனோடு சிறுநீரகத்துக் காவலனும் கட்டப்படுகிறான். உப்பு தங்குகிறது, நீர் தங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. எல்லோருக்கும் அல்ல. ஆனால் முதியவர்க்கும், சிறுநீரகம் தளர்ந்தவர்க்கும், முன்பே கொதிப்பு உள்ளவர்க்கும் அபாயம் மிகுதி. கொதிப்புக்கு உண்ணும் மருந்தின் வலிமையையும் இது குறைத்துவிடும்.

எச்சரிக்கை இல்லாமலா போயிற்று? 1999-இல் விற்பனைக்கு வந்த வயாக்ஸ் என்ற வலி மருந்தை, மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது சோதனையில் தெரிந்ததும், 2004-இல் உலகெங்கும் திரும்பப் பெற்றார்களே!

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன கணக்கு இது: 30 முதல் 79 வயது வரையுள்ளோரில் கொதிப்பு உள்ளவர்கள் ஏறத்தாழ 128 கோடிப் பேர். அவர்களில் 46 விழுக்காட்டினர், நோய் தம்மிடம் இருப்பதையே அறியாதவர்கள்! வலி கூவி அழைக்கும். கொதிப்போ ஓசையின்றிக் கொல்லும்.

நாய் உயிர் கொடுத்தது. கினிப் பன்றி உயிர் கொடுத்தது. கேட்டு வாங்கிய உயிர்கள் அல்ல அவை, எடுத்துக்கொண்ட உயிர்கள். அந்த விலை கொடுத்துப் பெற்ற அறிவு, ஏட்டில் உறங்குவதா? மூட்டை சுமப்பவன் காதுக்கு வந்து சேர வேண்டாமா?

கேட்போம், தோழர்களே! ஆலை வாயிலில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வேண்டுமென்று நிர்வாகத்தைக் கேட்போம். "தினமும் இதைத் தின்னலாமா?" என்று மருத்துவரைக் கேட்போம். அளவு 140/90-ஐத் தொட்டால் அலட்சியம் வேண்டாம். கொதிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

இன்னொன்றும் கேட்போம். முதுகு வலிக்கு மாத்திரை இருக்கிறது, சரி. முதுகை முறிக்கும் பாரத்துக்கு? அதற்கு மருந்து கடையில் இல்லை. குறைந்த சுமையும், நிறைந்த ஓய்வுமே மருந்து. அது சங்கம் கூடிப் பெற வேண்டியது!