ஈரக் காலும் இலவச வண்டியும்

ஐப்பசி பிறந்துவிட்டால் பள்ளிப்பட்டில் கொசஸ்தலையாற்றைப் பற்றியே பேச்சு. ஆந்திரத்தின் அம்மப்பள்ளி அணை திறக்கப்பட்டால் தரைப்பாலங்கள் மூழ்கும். மாணவர்கள் சுற்றுவழியில் சைக்கிள் மிதித்துப் பள்ளி சேர வேண்டும். வெள்ளத்தைப் பார்க்கும் நாம் அவர்கள் காலைப் பார்ப்பதில்லை.

ரப்பர்ச் செருப்பு நனைந்தால் குதிகால் விலகும், பெடலில் பிடிப்பிராது. மூடிய ஷூவுக்குள் புகுந்த நீரோ மாலைவரை காயாது. விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். குளிர்நாட்டார் ஷூவின்மேல் நீர்புகா உறை மாட்டிக்கொள்கிறார்கள். நம் மழைக்கு அது வேண்டாம். அடியில் வரிப்பள்ளமும் குதிகாலில் வாரும் உள்ள செருப்பு போதும். நீர் வடியும், கால் நழுவாது.

2001-இல் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டத்தில் 11-ஆம் வகுப்பில் வண்டி கிடைக்கிறது. விலையில்லாக் காலணியோ 10-ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. வண்டி வரும் ஆண்டில் செருப்பு போய்விடுகிறது! இதைச் சிக்கனம் என்பதைவிடக் கவனக்குறைவு என்றே நாம் கருதுகிறோம். வண்டி கொடுக்கும் கை வார்ச்செருப்பு ஒரு ஜோடியையும் சேர்த்தே கொடுக்கட்டும். அடைமழைக்கு முன்பே கொடுக்கட்டும்.