பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்: பழைய கட்டடத்தில் பாதி மட்டும் நிற்பது ஏன்?

பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுன் போனால், ஃபர்குவார் சாலையில் மாநில அருங்காட்சியகக் கட்டடத்தைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் அது பள்ளிக்கூடம். இன்று நிற்பது அதில் பாதிதான்.

எப்போது தொடங்கியது?

1816-இல் பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் இப்பள்ளியைத் தொடங்கினார். பெயரில் உள்ள 'ஃப்ரீ', எந்த இனம், எந்த மதம் என்றாலும் பிள்ளைகள் சேரலாம் என்பதைக் குறிக்கிறது.

மறுபாதி என்ன ஆனது?

1928-இல் பள்ளி கிரீன் லேனுக்கு மாறியது. பழைய கட்டடத்தில் ஹட்சிங்ஸ் பள்ளி இயங்கியது. இரண்டாம் உலகப் போர் குண்டுவீச்சில் ஒரு பாதி அழிந்தது. தப்பிய பாதி 1965-இல் அருங்காட்சியகமானது.

இப்போது ஏன் பேச வேண்டும்?

2008-இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமானது. ஃபர்குவார் சாலைக் கட்டடம் அந்த எல்லைக்குள் வருகிறது. கிரீன் லேன் கட்டடம் வரவில்லை. அதாவது, பள்ளி விட்டுப்போன கட்டடத்துக்கு அந்த அங்கீகாரம் உண்டு, பிள்ளைகள் இன்றும் படிக்கும் கட்டடத்துக்கு இல்லை.

அருங்காட்சியகத்தை அப்படியே காப்பாற்றினால் போதும். பள்ளி அப்படியில்லை, மின்வசதி, கணினி அறை எல்லாம் காலத்துக்கேற்ப மாறியே ஆக வேண்டும். எதை மாற்றலாம், எதில் கை வைக்கக்கூடாது என்று முன்கூட்டியே முடிவெடுக்காவிட்டால், பழுதுபார்ப்பு என்ற பெயரிலேயே அசல் தோற்றம் போய்விடும்.