பரணிலிருந்து இறங்கிய இரண்டு பெட்டிகள்

சென்ற ஷஅபான் மாதத்தில், ரமளானுக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், போளூரில் உள்ள எங்கள் பழைய வீட்டின் ஓடுகளை மாற்றினோம். அதற்காகப் பரணை ஒழித்தபோது இரண்டு தகரப் பெட்டிகள் கீழே இறங்கின. ஒன்று எங்கள் இளைய தம்பியுடையது. பள்ளி நாள்களில் பேருந்து நிலையக் கடையில் வாங்கிச் சேர்த்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் ஆகியவையும், பின்னர் சென்னைத் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளில் பொறுக்கியெடுத்த ஆங்கில வீடியோ கேம் இதழ்கள் சிலவும் அதில் இருந்தன. மற்றொன்று மர்ஹூம் அத்தாவுடையது. மணிவிளக்கு, முஸ்லிம் முரசு, பிறை என்று பல ஆண்டுகளாக அவர் வாங்கிப் படித்து, சணல் கயிற்றால் கட்டி வைத்த மாத இதழ்கள் அதில் இருந்தன.

தம்பி சென்னையிலிருந்து மூன்று முறை தொலைபேசியில் அழைத்தான். "அண்ணே, என் பெட்டியில மட்டும் கை வைச்சிடாதீங்க. வெயில் படாம உள் அறையில வைங்க, நான் வந்து பார்த்துக்குறேன்" என்றான். அவ்வாறே வைத்தோம். அத்தாவின் பெட்டிக்காக அழைக்க எவரும் இல்லை. அடியில் கரையான் ஏறியிருந்தது. தூசியும் பூச்சியுமாக இருந்தது. எல்லாவற்றையும் எடைக்குப் போட்டோம். கிடைத்த தொகை, ஓடு மாற்ற வந்தவர்களின் தேநீர்ச் செலவுக்குக்கூடப் போதவில்லை.

பெருநாளன்று எல்லோரும் கூடியிருந்தபோது அம்மா கேட்டார்கள்: "அத்தா எழுதின கடுதாசி ஒரு புத்தகத்துல வந்துச்சே, அது எங்கே?" நம் ஊர்ப் பெண்பிள்ளைகளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிடக் கூடாது என்று அத்தா இளமையில் ஒரு மாத இதழுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், அது வாசகர் பகுதியில் அச்சாகியும் வந்திருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. பழைய காகிதக் கடைக்கு ஓடினோம். அந்தச் சுமை லாரியேறி வாரங்கள் ஆகிவிட்டன.

இதனை ஒரு வீட்டுக் கதையாக மட்டும் சொல்லி நிறுத்த நாங்கள் விரும்பவில்லை. அன்று எங்கள் வீட்டில் நடந்தது நம் சமுதாயத்தின் பல வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது என்றே அஞ்சுகிறோம். விளையாட்டுப் பிள்ளைகள் என்று நாம் எண்ணுகிறவர்கள் தங்கள் இதழ்களைக் காத்துக்கொண்டார்கள். பொறுப்புள்ள பெரியவர்களாகிய நாமோ நம்முடையவற்றை எடைக்குப் போட்டோம்.

தம்பியின் பெட்டியைச் சற்றுக் கவனித்துப் பார்ப்போம். அம்புலிமாமா 1947ஆம் ஆண்டு தொடங்கியது. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வெளிவரத் தொடங்கின. அவை மலிவான தாளில் அச்சாகிக் கைமாறிக் கைமாறிக் கிழிந்துபோக வேண்டிய இதழ்கள். நூலகங்கள் அவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை; வீட்டில் பெரியவர்கள் பறித்து ஒளித்து வைத்தார்கள். ஆயினும் படித்த பிள்ளைகள் வளர்ந்தபின் ஒருவரையொருவர் தேடிக் கண்டுகொண்டார்கள். எந்த எண் எந்த மாதத்தில் வந்தது, அட்டை யாது, இடையில் எந்தப் பக்கம் இல்லை என்று பட்டியல் எழுதி வைத்தார்கள். ஒருவரிடம் இல்லாத பக்கத்தை மற்றவர் படியெடுத்துக் கொடுத்தார். 2012 ஜனவரியில் லயன் காமிக்ஸ் ஒரு சிறப்பிதழுடன் புத்துயிர் பெற்று வந்தபோது அதனை வரவேற்றவர்களில், மறவாமல் காத்திருந்த இந்தப் பழைய வாசகர்களும் இருந்தார்கள்.

வீடியோ கேம் இதழ்களின் கதையும் இதுவே. இங்கிலாந்தில் 1981இலேயே இத்தகைய மாத இதழ் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் நிண்டெண்டோ பவர் என்னும் இதழ் 1988 முதல் 2012 வரை வெளிவந்தது. தொண்ணூறுகளில் நம் தெருக்களில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து மரியோவும் காண்ட்ராவும் ஆடிய பிள்ளைகளுக்கு அவ்விதழ்கள் கிட்டாப் பொருள்கள். இன்று அவர்களே நாற்பதைத் தொட்ட தகப்பன்மாராகி அவற்றைத் தேடுகிறார்கள். அதில் வெறும் பால்ய ஏக்கம் மட்டும் இருப்பதாகச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுக்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று, வீடியோ கேம் வரலாற்றைக் காக்க அந்நாட்டில் 2017இல் தொடங்கப்பட்ட ஓர் அறக்கட்டளை 2023இல் ஆய்ந்து அறிவித்தது. ஆட்டம் மறைந்தபின் அதற்கு எஞ்சும் சாட்சி அதனைப் பற்றி எழுதிய இதழ்தான். அதே அறக்கட்டளை 2025 ஜனவரியில் 1,500க்கும் மேற்பட்ட பழைய இதழ்களை இணையத்தில் எவரும் தேடிப் படிக்குமாறு திறந்து வைத்தது. ஒரு சிறுவன் ஆசிரியருக்கு எழுதிய கடிதமும், ஒரு சிற்றூர்க் கடையின் விளம்பரமும் அவற்றில் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் அத்தாவின் கடிதம் இல்லை.

"இதெல்லாம் வீண்விரயம் ஆகாதா?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அது நியாயமான கேள்வி. வீண்விரயம் செய்வோரைத் திருமறை மிகக் கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் அறிவோம். ஆகவே பழைய இதழ்களைச் சேர்ப்போருக்கு மூன்று வரம்புகளை நினைவூட்டுவது நம் கடமை.

முதலாவது பணம். பழைய இதழுக்கு அட்டை விலையைப் போலப் பல மடங்கு கேட்கிறார்கள். ஆசை பிடித்தவர் கொடுத்தும் விடுகிறார். பிள்ளையின் கல்விக் கட்டணம் நிலுவையில் இருக்க, மனைவிக்குத் தெரியாமல் ஒரு பழைய இதழுக்குப் பணம் அனுப்புகிறவர் எத்தனை அரிய பிரதியை வைத்திருந்தாலும் நஷ்டத்தில்தான் இருக்கிறார். குடும்பத்தாரிடம் மறைக்க வேண்டிய செலவு என்றால், அது செய்யக் கூடாத செலவு என்றே கொள்ளலாம். சொந்தப் பயனுக்காக வைத்திருக்கும் நூல்களுக்கு ஸகாத் இல்லை. விற்று லாபம் ஈட்டும் நோக்கில் வாங்கி அடுக்கினால் அது வணிகச் சரக்காகிவிடும். தம் நிய்யத் எது என்பதை அவரவரே தெளிந்து, ஆலிம்களிடம் கேட்டு நடந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது நேர்மை. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். நடுப்பக்கம் இல்லாத இதழை முழுமையானது என்று விற்பதும், நகலெடுத்த அட்டையைச் சேர்த்துத் தைத்து அசல் என்று சொல்வதும் அந்த நனைந்த தானியமே.

மூன்றாவது உள்ளடக்கம். பழையது என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது. பிள்ளைகளின் கையில் கொடுக்கத் தகாத சித்திரங்களும் கதைகளும் அவற்றில் உண்டு. அவற்றை விலக்குவது பெற்றோரின் உரிமை, கடமையும் கூட. ஆனால் ஒரு பக்கத்துக்காகப் பெட்டி முழுவதையும் அடுப்பில் போட்ட வீடுகளையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். அப்படிச் செய்த வீடுகளில் பிள்ளைகள் தங்கள் விருப்பங்களைப் பெற்றோரிடம் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள்.

இம்மூன்று வரம்புகளுக்குள் நிற்பவரிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அற்பமானது என்று உலகம் தள்ளிய தாளையும் எண்ணிட்டு, தேதியிட்டு, இல்லாததைத் தேடி, இருப்பதைப் பகிரும் ஒழுங்கு அது. காத்துவைக்கும் இந்த ஒழுங்கு நமக்குப் புதியதா? யமாமா போரில் திருக்குர்ஆனை மனனம் செய்த பலர் ஷஹீதானபோது, உமர் (ரலி) அவர்கள் கவலையுற்று எடுத்துரைக்க, கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். பேரீச்ச மட்டைகளிலிருந்தும், கல் பலகைகளிலிருந்தும், மனிதர்களின் நெஞ்சங்களிலிருந்தும் அவர்கள் இறைமறையைத் திரட்டினார்கள். இறைவேதத்தோடு எந்த இதழையும் ஒப்பிடுவது நம் எண்ணமன்று. அப்படி எவரும் கொள்ள வேண்டாம். இழப்பு நேருமுன் திரட்ட வேண்டும் என்னும் விழிப்பு நம் முன்னோரிடம் இருந்தது என்பதையே நினைவூட்டுகிறோம்.

நம் இதழ்களின் பரம்பரையும் சிறியதன்று. சித்தி லெப்பை அவர்கள் 1882இல் கண்டியிலிருந்து முஸ்லிம் நேசனை வெளியிட்டார்கள். மகுதூம் சாயபு அவர்கள் 1887இல் சிங்கப்பூரிலிருந்து சிங்கை நேசனை நடத்தினார்கள். பா. தாவூத் ஷா அவர்களின் தாருல் இஸ்லாம், ஆ.கா.அ. அப்துல் ஸமது அவர்களின் மணிவிளக்கு என்று அது தொடர்ந்தது. இவற்றில் தலையங்கங்களும் மார்க்கக் கட்டுரைகளும் மட்டும் இல்லை. மதரஸா ஆண்டு விழாச் செய்தி, பள்ளிவாசல் நிதிக் கோரிக்கை, மறைந்தவருக்கு இரங்கல், அத்தர்க் கடை விளம்பரம், வாசகர் கேள்வி என்று அன்றைய நம் வாழ்வே அவற்றில் அச்சாகியிருக்கிறது. வரலாற்று நூல்களில் இடம்பெறாத போளூர் போன்ற சிற்றூர்களின் முஸ்லிம்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதற்காக வாதிட்டார்கள் என்பதற்கு வேறு என்ன சான்று நம்மிடம் இருக்கிறது?

ஒரு தனிமனிதரால் எவ்வளவு இயலும் என்பதற்குச் செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா அவர்கள் சாட்சி. அவர் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு பழைய இதழ்களையும் அழைப்பிதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும்கூடத் தள்ளாமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது சேர்ந்திருந்தவை சுமார் ஒரு இலட்சம். சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியும் அதனை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் தமிழகத்திலேயே நிலைநிறுத்தியது. 1994இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இன்று ஆய்வாளர்களுக்குப் புகலிடமாக இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது அத்தனை பெரியதன்று. பரணில் இருப்பதை முதலில் இறக்கிப் பாருங்கள். ஜவ்வாது மலையடிவாரத்து மழைக்காலத்தின் ஈரமும் கோடையின் ஓட்டுச் சூடும் மலிவான தாளுக்கு எமன். ஆகவே பரணை விட்டு, சுவரை ஒட்டாத அலமாரிக்கு அவற்றை மாற்றுங்கள். துருப்பிடித்த கம்பித் தையலை மெல்ல நீக்கி வெள்ளை நூலால் கட்டுங்கள். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா போடாதீர்கள். சில ஆண்டுகளில் அதன் பசை பழுத்துத் தாளையும் கெடுத்துவிடும். ஒரு குறிப்பேட்டில் இதழின் பெயர், மாதம், ஆண்டு, எண் ஆகியவற்றை எழுதுங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் கைப்பேசியால் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். நம்மைவிட அவர்கள் நன்றாகச் செய்வார்கள்.

இங்கும் ஓர் அமானிதம் உண்டு. தாள் நம்முடையதாக இருப்பதால் எழுத்தும் நம்முடையதாகிவிடாது. நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை அவருடைய வாரிசுகளுக்கோ உரிமை பெற்றவர்களுக்கோ உரியது. அவர்களிடம் அனுமதி கேட்டுப் பொதுவில் வைப்போம்.

ஜமாஅத் நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். மதரஸாவிலோ பள்ளிவாசல் நூலகத்திலோ ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்குங்கள். வீட்டைக் காலி செய்கிறவர்கள் பழைய காகிதக் கடைக்குப் போகுமுன் அங்கே வரட்டும். வேலூருக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் பெயர்ந்துவிட்ட குடும்பங்கள் பெருநாளுக்கு ஊர் திரும்பும்போது, தங்கள் பாட்டனார் வைத்திருந்த கட்டுகளைக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பயன் தரும் கல்வியை விட்டுச் செல்வது மரணத்துக்குப் பின்னும் நன்மை சேர்க்கும் அறம் என்று நபிமொழி நமக்குக் கற்பிக்கிறது. அத்தா கட்டி வைத்த சணல் கயிற்றுக் கட்டுகள் அந்த வகையைச் சேர்ந்தவை என்பதை நாங்கள் காலம் கடந்து உணர்ந்தோம்.

தம்பி இப்போது தன் காமிக்ஸ் பட்டியலுக்கு அடுத்த பக்கத்தில் இன்னொரு பட்டியல் தொடங்கியிருக்கிறான். அத்தா வாங்கிய இதழ்களின் பெயர்களை அம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறான். பழைய புத்தகக் கடைகளில் தன் காமிக்ஸைத் தேடும்போதே அவற்றையும் தேடுகிறான். இதுவரை இரண்டு இதழ்கள் கிடைத்திருக்கின்றன. இரண்டிலும் அத்தாவின் கடிதம் இல்லை. ஆனால் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கட்டு இருக்கலாம். எடைக்குப் போடுமுன் அதன் வாசகர் கடிதப் பகுதியை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். யாருடைய அத்தாவாவது அங்கே காத்திருக்கக்கூடும். நம் முன்னோரின் நற்செயல்களை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அவற்றைக் காக்கும் பொறுப்பை நமக்கு எளிதாக்குவானாக. ஆமீன்.